32 பாகம்

கடற்கரையில் இருந்து பத்து கிலோமீட்டருக்குள் பிறந்து வளர்ந்தவன் நான். நாற்பது வயது தாண்டும் வரைக்கும் சொந்தக் கையால் ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை. சாப்பிட்டதற்குக் கணக்கு இல்லை, அது வேறு விஷயம். பேங்க்காரனுக்கு வரவும் செலவும் தெரிந்தால் போதும், சரக்கு எங்கிருந்து வருகிறது என்று யார் பார்க்கிறார்கள்!

போன ஜனவரியில் அந்தக் குறையும் தீர்ந்தது. மஸ்கட்டில் எங்கள் ஆபீஸில் ஒரு மங்களூர்க்காரர் இருக்கிறார். வெள்ளிக்கிழமை ஆனால் தூண்டிலும் கையுமாகக் கிளம்பிவிடுவார். ஆறு பேர் சேர்ந்தால் படகு வாடகை மலிவு என்று சொல்லி என்னையும் இழுத்துக்கொண்டார். தங்கமணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நீச்சல் தெரியுமா?" தெரியாது. "அப்ப இன்சூரன்ஸ் பேப்பர் எங்கே இருக்குன்னு சொல்லிட்டுப் போங்க." :)

காலை அஞ்சு மணிக்குப் படகு கிளம்பியது. கேப்டன் ஓமானி, என் அப்பா வயது. எங்கள் ஆறு பேரில் ஒருவர் சீர்காழிக்காரர். கரை கண்ணில் இருந்து மறைவதற்கு முன்பே காலையில் சாப்பிட்ட இட்லியைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முக்கால் மணி நேரம் ஓடிய பிறகு கேப்டன் வேகத்தைக் குறைத்தார். முன்னால் இருந்த திரையில் கடலின் அடி ஒரு கோடாக ஓடிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் அந்தக் கோடு குபுக்கென்று மேலே எழும்பியது. அதன் தலைக்கு மேலே பொட்டுப் பொட்டாக ஏதோ தெரிந்தது. கேப்டன் எஞ்சினை நியூட்ரலில் போட்டுவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்து எண் சொன்னார். 58 மீட்டர்.

அந்த எண்ணைக் கேட்டதும் எனக்குள் என்னவோ செய்தது. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் எதிர்பார்த்துப் போனது இறால், மத்தி மாதிரி இரை கோத்த தூண்டிலை. மங்களூர்க்காரர் என் கையில் கொடுத்ததோ ஒரு உலோகத் துண்டு. இருநூறு கிராம் இருக்கும். சாளை மீன் நீளம், வெள்ளி நிறம், பக்கத்தில் ஒரு கண் வேறு வரைந்திருந்தது. இதற்கு ஜிக் என்று பெயராம். இரை கிடையாது, மணம் கிடையாது, வெறும் ஏமாற்று. தூண்டில் முள் வாலில் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, தலைப் பக்கத்தில் ஒரு சின்னக் கயிற்றில் இரண்டு முள் தொங்கியது. பெரிய மீன் இரையைத் தலையைப் பார்த்துத்தான் அடிக்குமாம். வாலில் முள் இருந்தால் அடியில் இருக்கும் பாறையில் மாட்டிக்கொள்ளுமாம்.

முறை இதுதான். ஜிக்கை அப்படியே அடிவரைக்கும் விட வேண்டும். நூல் பத்து மீட்டருக்கு ஒரு நிறம், எண்ணிக்கொண்டே போகலாம். அடி தட்டியதும் கையில் ஒரு 'டொக்'. தட்டின மறு நொடியே இரண்டு சுற்று சுற்றித் தூக்கிவிட வேண்டும். தூங்கினால் பாறை விழுங்கிவிடும். பிறகு தடியை மெல்லத் தூக்கி, மெல்ல விட வேண்டும். மேலே போகும்போது ஜிக் ஓடுகிற மீன். கீழே வரும்போது அடிபட்டுத் தளர்ந்து சாய்கிற மீன். கடி பெரும்பாலும் அது விழும்போதுதான் வரும். ஜப்பான்காரர்கள் இதை ஒரு கலையாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள். நீரோட்டத்தில் படகு பாறையைத் தாண்டி நகர்ந்துவிட்டால் கேப்டன் மறுபடியும் எஞ்சினைப் போட்டு முதலில் இருந்த இடத்துக்கே கொண்டுவருவார். மறுபடியும் விடு, தட்டு, தூக்கு.

ஒன்றரை மணி நேரம் எனக்கு ஒன்றும் இல்லை. இரண்டு ஜிக்கைப் பாறைக்குத் தானம் செய்தேன். (ஒன்று என்ன விலை என்று கேட்ட பிறகு கொஞ்சம் கவனம் வந்தது.) மூன்றாவது ஜிக் விழுந்துகொண்டிருந்தபோது நூல் நடுவிலேயே தொய்ந்தது. அடி தட்டவில்லை, ஆனாலும் நின்றுவிட்டது. "சுத்துங்க! சுத்துங்க!" என்று மங்களூர்க்காரர் கத்தினார். தடி வில்லாக வளைந்தது. முதல் பத்து மீட்டர்தான் சண்டை, அதற்குள் பாறைப் பொந்துக்குள் போய்விட்டால் கதை முடிந்தது. பிறகு கனமாக, மெதுவாக மேலே வந்தது.

கலவா! அரபு நாட்டில் ஹமூர் என்று சொல்லுவார்களே, அதே மீன். நாலு கிலோ இருக்கும். வாய் திறந்து, வயிறு வாய் வழியாக வெளியே பிதுங்கி, கண் தள்ளி மிதந்தது. ஆழத்தின் அழுத்தத்தில் இருந்து ஒரேயடியாக மேலே வந்தால் அதன் காற்றுப்பை ஊதிவிடுமாம். சின்ன மீனாக இருந்தாலும் அப்படியே தண்ணீரில் விட்டால் பிழைக்காது, கனம் கட்டி ஆழத்துக்கு இறக்கித்தான் விட வேண்டும் என்று கேப்டன் சைகையில் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் நான் சிரிக்கவில்லை.

இனி கொசுவத்தி சுற்றுகிற நேரம்.

பாறசாலைக்கும் பொழியூருக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். நெய்யாற்றின்கரை தாலுகா. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கும் தமிழ்ப் பக்கம் போயின. எங்கள் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. களியக்காவிளைச் சந்தைக்குப் போனால் தமிழ்நாடு, சாமானோடு வீட்டுக்கு வந்தால் கேரளம். நான் பேசுவதைக் கேட்டால் மதுரைக்காரர் "மலையாளியா?" என்பார். திருவனந்தபுரத்துக்காரர் "தமிழனா?" என்பார். மஸ்கட்டில் இரண்டு சங்கத்துக்கும் சந்தா கட்டுகிறேன், வேறு வழி?

பள்ளிக்கூடத்தில் தமிழ் டிவிஷனில் எனக்கு ஒரு கூட்டுக்காரன் உண்டு. பொழியூர்க் கடற்கரைப் பையன். அந்தக் கரையில் ஒரு பக்கம் பூவார், அங்கேதான் நெய்யாறு கடலில் சேரும். இந்தப் பக்கம் கொல்லங்கோடு, நீரோடி. நீரோடியில் இருந்து தமிழ்நாடு. கரையில் கோடு உண்டு, கடலில் கோடு கிடையாது. அவனுடைய அப்பாவை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வலைக்காரர் இல்லை, தூண்டில்காரர். அந்தக் கரைக்கு அதுதான் பெருமை. நீரோடியில் இருந்து இரயுமன்துறை வரைக்கும் தூத்தூர் பக்கத்து ஊர்க்காரர்கள் தூண்டிலை எடுத்துக்கொண்டு பம்பாய், குஜராத் தாண்டி எல்லாம் போவார்கள். தெற்கே கன்னியாகுமரிக்குக் கீழே வெட்ஜ் பேங்க் என்ற பெரிய மீன் திட்டு இருக்கிறது. 1976-இல் இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லை பேசியபோது இந்தியாவுக்கு என்று முடிவானது அது. மாமா அவ்வளவு தூரம் போகிறவர் இல்லை. ஒரு பிளைவுட் வள்ளம், ஒரு எஞ்சின், காலையில் போனால் மதியம் கரை.

1994 கோடை லீவில் கூட்டுக்காரனோடு என்னையும் ஒருநாள் வள்ளத்தில் ஏற்றினார். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அம்மா தோலை உரித்திருப்பாள். நானும் அன்றைக்கு சீர்காழிக்காரர் மாதிரிதான். ஆனால் ஒன்று மட்டும் மறக்கவில்லை.

கரை ஒரு மெல்லிய பச்சைக் கோடாக ஆனதும் மாமா எஞ்சினைக் குறைத்துவிட்டு எழுந்து நின்றார். அவர் கடலைப் பார்க்கவில்லை, கரையைப் பார்த்தார். முதலில் வடகிழக்கே, பிறகு கிழக்கே. ரெண்டு தடவை வள்ளத்தைக் கொஞ்சம் நகர்த்தினார். "இஞ்ஞ தான்" என்றார். ஈயம் கட்டிய தங்கூசியைக் கையால் அளந்து அளந்து விட்டார். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறடி. எண்ணினார். முப்பத்திரண்டாவது பாகத்தில் ஈயம் தட்டியது. "கேட்டியா மக்களே? கல்லுல தட்டினா ஒரு சத்தம், சேத்துல தட்டினா வேற சத்தம்." எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவருக்கு விரலில் கேட்டது.

32 பாகம். ஒரு பாகம் 1.83 மீட்டர் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். 58 சொச்சம் வரும்.

கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத் திட்டுக்கு அங்கே பார் என்று பெயர். அதைக் கண்டுபிடிக்கும் வித்தைக்குப் பெயர் கணிச்சம். கரையில் பக்கத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று என்று இரண்டு அடையாளம் வேண்டும். ஒரு தேவாலயக் கோபுரம், அதற்குப் பின்னால் ஒரு மலையின் பள்ளம். கோபுரம் சரியாகப் பள்ளத்துக்குள் உட்கார்ந்தால் நீங்கள் ஒரு கோட்டின் மேலே இருக்கிறீர்கள். அந்தக் கோட்டில் எங்கே என்று தெரிய வேண்டாமா? அதற்கு வேறு திசையில் இன்னொரு ஜோடி. ஒரு தென்னந்தோப்பின் முனை, அதற்குப் பின்னால் அகத்தியமலையின் தோள். இரண்டு கோடும் வெட்டுகிற புள்ளிதான் பார். எங்கள் பாஷையில் சொன்னால் ஜாயிண்ட் அக்கவுண்ட் மாதிரி. இரண்டு கையெழுத்தும் பொருந்தினால்தான் பணம். சாட்டிலைட் இல்லை, திரை இல்லை, பேட்டரி தீராது. மேகம் மூடினால் மட்டும் கஷ்டம்.

இரையில்லாத தூண்டிலும் எனக்குப் புதிது இல்லை என்று மஸ்கட் படகில் வைத்துத்தான் உறைத்தது. மாமா கோழி இறகு, வெள்ளைத் துணியில் உருவின நூல், மிட்டாய் சுற்றி வந்த ஜிகினாத் தாள் எல்லாம் வைத்து முள்ளில் சுற்றுவார். கணவாய்க்கு மரத்தில் செதுக்கின இறால் தனி. "இரை கெடச்சா இரை. கெடைக்காத நாளு இது. மீனுக்கும் கொதி உண்டும்லா" என்பார். அவர் செய்ததும் அதேதான். விட்டு, தட்டி, தூக்கி, மெல்ல விழவிட்டு. ஜப்பான் கடையில் வாங்கின ஜிக் அல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தப் பார்களைப் பற்றி யாரும் எழுதவில்லை என்று நினைக்க வேண்டாம். திருவனந்தபுரத்தில் ராபர்ட் பனிப்பிள்ளை என்று ஒருவர், மீனவ சமுதாயத்துக்காரர், இந்தக் கடலறிவை வயதானவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பதிவு செய்தவர். நண்பர்களோடு முக்குளித்துப் பார்களையே படம் எடுத்திருக்கிறார். நான் எழுதப் போவது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. ஒரு கடன் விண்ணப்பத்தைப் பற்றி.

பி.காம் முடித்து, பரீட்சை எழுதி, பேங்க்கில் சேர்ந்து, 2008-இல் எங்கள் பக்கத்திலேயே ஒரு கிளையில் கடன் பார்க்கிற அதிகாரியாக உட்கார்ந்தேன். எந்த பேங்க், எந்தக் கிளை என்பதெல்லாம் வேண்டாம். தப்பு பேங்க்கினுடையது இல்லை, என்னுடையது.

ஒருநாள் மாமா வந்தார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. கல்யாண வீட்டுக்கு மட்டும் அவர் அப்படி வருவார். எஞ்சின் மாற்ற வேண்டும், 50,000 ரூபாய் கடன் வேண்டும். எதிரில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மூன்றாவது தடவை சொன்ன பிறகு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"மாமா, ஈடு என்ன இருக்கு?"

"வீடு உண்டு."

"பட்டயம் இருக்கா?" இல்லை. கடற்கரைப் புறம்போக்கு.

"வருமானத்துக்கு ஏதாவது பேப்பர்?"

அவர் சிரித்தார். "பேப்பர் எல்லாம் நனைஞ்சு போவும் மோனே. எனக்க சொத்து கடலுக்குள்ள கெடக்கு."

எனக்கு அன்றைக்கு என்ன தோன்றியதோ, விளையாட்டாக, "சரி சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றேன். மேஜையில் இருந்த டைரியை எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் விளையாடவில்லை. ஒன்று, இரண்டு என்று ஏழு பார் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் பெயர், கணிச்சம், எத்தனை பாகம், எந்த மாசத்தில் என்ன மீன். விளமீன் எங்கே, கலவா எங்கே, செம்பல்லி எங்கே. "இது எனக்க அப்பன் தந்தது, இது ரெண்டும் நானே கண்டது" என்று மூலப் பத்திரமும் சேர்த்துச் சொன்னார். இரண்டு பக்கம் எழுதினேன். வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள். டைரியை மூடிவிட்டு, "ஜாமீனுக்கு சம்பளக்காரர் ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க மாமா, பாக்கலாம்" என்றேன். அவருக்கு அப்படி யாரையும் தெரியாது என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்த சம்பளக்காரன் நான் ஒருத்தன்தான்.

இப்போது விஷயம். அந்தச் சமயத்தில் விவசாயக் கடனுக்கு 50,000 ரூபாய் வரை ஈடு கேட்க வேண்டாம் என்று ரிசர்வ் பேங்க் 2004-இலேயே சொல்லியிருந்தது. மீன்பிடித் தொழிலை அதற்குள் கொண்டுவர வழி இருந்தது. எனக்கு அந்த சர்க்குலர் தெரியும். பதவி உயர்வுப் பரீட்சைக்கு அதைப் படித்து மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்! ஆனால் எங்கள் கிளையில் ஏற்கெனவே கடற்கரைக் கடன்கள் சில வராக் கடனாகிக் கிடந்தன. இன்னொன்று என் கையெழுத்தில் சேர்ந்தால் இண்டர்வியூவில் கேள்வி வரும். அவ்வளவுதான் காரணம். அந்த வருடம் எனக்குப் பிரமோஷன் கிடைத்தது.

மாமா தரகரிடம் போனார். அங்கே ஈடு இல்லை, பேப்பர் இல்லை, வட்டிகூட இல்லை. ஒரே ஒரு நிபந்தனை, பிடிக்கிற மீனை அவர் கையால்தான் ஏலம் போட வேண்டும். நூற்றுக்கு அஞ்சு அவருக்கு. முதல் அப்படியே நிற்கும், கமிஷன் முதலில் கழியாது. பி.காம் படித்தவன் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருப்பானா? ஒரு நாளைக்கு 2,000 ரூபாய்க்கு மீன் என்றால் கமிஷன் 100. வருஷத்தில் 200 நாள் கடலுக்குப் போனால் 20,000. 50,000-க்கு 20,000 என்றால் நூற்றுக்கு 40 வட்டி. நான் கொடுத்திருந்தால் ஒற்றை இலக்கத்தில், அதிகம் போனால் பத்தைச் சுற்றி முடிந்திருக்கும். ஒன்பது வருஷத்தில் அவர் கொடுத்தது 1,80,000. முதல் அப்போதும் 50,000 தான். இந்தச் சிக்கலை உடைக்கத்தான் கேரளத்தில் 1984-இல் மத்ஸ்யஃபெட் வந்தது, அதற்கு முன்பே சிஃப்ஸ் சங்கங்கள் வந்தன. நிறையப் பேரை மீட்டிருக்கிறார்கள். மாமா எங்கள் கவுண்டருக்கு வந்துவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு வேறு எந்தக் கவுண்டருக்கும் போகவில்லை.

நான் 2012-இல் மஸ்கட் வந்துவிட்டேன். லீவில் போகும்போது மாமாவைப் பார்ப்பேன், சிரிப்பார், கட்டன் சாயா தரச் சொல்லுவார். கடன் பேச்சு ஒருநாளும் வந்ததில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு கலவா வரும். அம்மாவுக்கு அதில் வைக்கிற மீன் கறியும் மரச்சீனியும் என்றால் உயிர்.

2017 நவம்பர் 30 ஒக்கி. உங்களுக்கும் மறந்திருக்காது. எச்சரிக்கை கரைக்கு வந்து சேர்ந்தபோது, ஆழ்கடலுக்குப் போனவர்கள் போய்ப் பல நாள் ஆகியிருந்தது. மாமா அன்றைக்குக் காய்ச்சலில் வீட்டில் இருந்தார். அவரோடு வழக்கமாகப் போகிறவர் வேறு வள்ளத்தில் போனார், திரும்பவில்லை. தேடப் போகிற கப்பலில் எங்களையும் ஏற்றுங்கள், காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் படகு எங்கே ஒதுங்கும் என்று எங்களுக்குத் தெரியும் என்று கரையில் மீனவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு சிலரை ஏற்றிக்கொண்டு போனார்கள். மாமா அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை. வள்ளத்தை விற்றுத் தரகரின் முதலை அடைத்தார். 2019-இல் படுத்த படுக்கையில் போய்ச் சேர்ந்தார். நான் வரவில்லை. ஆடிட் நேரம்.

ஜனவரியில் அந்தக் கலவாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது இத்தனையும் ஓடியது. அன்று ராத்திரியே கூட்டுக்காரனுக்குப் போன் செய்தேன். அவன் கடலை விட்டு வெகுநாள் ஆகிறது, டைல்ஸ் பதிக்கிற வேலை. அவன் மகன்தான், இருபது வயது, மறுபடி வள்ளம் ஏறியிருக்கிறான்.

"அப்பாவுக்க பாரெல்லாம் ஒனக்குத் தெரியுமாலே?"

"ரெண்டு மூணு தெரியும். அதும் சரியாட்டு இல்ல. நமக்கு அப்பம் படிக்கத் தோணல. பயலு கேட்டுட்டேதான் இருக்கான். யாருகிட்ட போய்க் கேக்க?"

டைரி!

ஏப்ரல் லீவில் ஊருக்குப் போனதும் முதல் வேலை பரண் ஏறியதுதான். என் அம்மா எதையும் தூக்கிப் போட மாட்டாள், அந்த ஒரு குணத்துக்கு அன்றைக்குக் கோயில் கட்டலாம் போல இருந்தது. 2003 முதல் 2011 வரை டைரிகள், பாச்சை அரித்து, மூட்டையாக. 2008-இல் அந்த இரண்டு பக்கம் அப்படியே இருந்தது. மேலே 'சொத்து விவரம்' என்று தலைப்புப் போட்டு அடிக்கோடு வேறு இட்டிருக்கிறேன். கையெழுத்து நன்றாகவே இருக்கிறது. பிரமோஷனுக்குத் தகுதியான கையெழுத்து.

எடுத்துக்கொண்டு பொழியூர் போனேன். கரை நான் பார்த்த கரை இல்லை. கடல் அரித்து வீடுகள் போய், ரோட்டில் பாதி போய், கல் கொட்டியிருக்கிறார்கள். கூட்டுக்காரன் டைரியைக் கையில் வாங்கி வாசித்தான். வாசிக்கும்போதே வாய்க்குள் அப்பாவின் பேச்சு வந்துவிட்டது அவனுக்கு. நடுவில் நிறுத்தினான், கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

நான் சொல்லிவிட்டேன். பதினாறு பதினேழு வருஷம் சொல்லாததை. ஈடு இல்லாமல் கொடுத்திருக்கலாம், எனக்குத் தெரிந்திருந்தது, நான் கொடுக்கவில்லை என்று.

அவன் டைரியில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "அப்பனுக்குத் தெரியும்லே."

"என்ன தெரியும்?"

"அம்பதாயிரம் வரைக்கும் ஈடு வேண்டாம்னு. சங்கத்துல ஒரு சாறு சொல்லிக் குடுத்துத்தான் ஒன்கிட்ட அனுப்பினாரு. தெரிஞ்சுதான் வந்தாரு."

"பின்ன ஏன்லே ஒரு வார்த்தை கேக்கல?"

"நானும் கேட்டேன். 'வேலைக்குச் சேந்து நாளு ஆவல, பயலுக்குப் பயம் இருக்கும்லா, விடு'ன்னு சொன்னாரு."

நான் எதிரே இருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டேன். என்னை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பார்த்தவர், எல்லாம் தெரிந்துதான் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகும் நாலைந்து தடவை அந்தக் கிறிஸ்துமஸ் கலவாவை நான் லீவில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், முள்ளை எடுத்து எடுத்து.

மகன் வந்தான். டைரியைப் போட்டோ எடுத்துக்கொண்டான். ஆனால் ஒரு சிக்கல். ஏழு பாரில் மூன்றுக்கு அடையாளமே போய்விட்டது. கணிச்சத்தில் வருகிற தென்னந்தோப்பு இப்போது கடலுக்குள் இருக்கிறது. பழைய கோபுரத்தை இடித்துப் புதிதாக, இடம் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். மலை மட்டும்தான் மலையாக நிற்கிறது. மீதி நாலையும் மழைக்காலம் தொடங்குவதற்குள் பார்த்துவிடுகிறேன் மாமா என்றான். என்னை அவன் மாமா என்றான். கூட்டுக்காரனுடைய மகன், வேறு எப்படிக் கூப்பிடுவான்?

அவனும் இப்போது ஒரு கடன் கேட்கிற இடத்தில்தான் இருக்கிறான். காலம் மாறியிருக்கிறது. கிசான் கிரெடிட் கார்டு மீனவர்களுக்கும் உண்டு என்று 2018-19 பட்ஜெட்டில் சொன்னார்கள். ஈடு இல்லாத வரம்பு 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம். இதை எல்லாம் ஒரு தாளில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிக் கொடுத்தேன். யாராவது ஜாமீனுக்கு ஆள் கேட்டால் என் பெயரைச் சொல் என்றும் சொன்னேன். உங்களில் யாராவது ஊரில் பேங்க்கில் இருந்தால், எதிரில் வந்து நிற்பவருக்கு சர்க்குலரில் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுங்கள். கொடுப்பதும் கொடுக்காததும் அப்புறம்.

மே மாசக் கடைசியில் போன் வந்தது. நாலில் இரண்டு கிடைத்துவிட்டதாம். தாத்தாவின் கணிச்சத்தை வைத்து இடம் பிடித்து, ஈயம் விட்டுத் தட்டிப் பார்த்து, ஜிபிஎஸ்ஸில் புள்ளி வைத்துக்கொண்டானாம்.

"எத்தனை பாகம்லே?" என்று கேட்டேன்.

"ஒண்ணு இருபத்தாறு. மத்தது முப்பத்திரண்டு மாமா."

"கல்லா, சேறா?"

"கல்லு. கையில கேட்டு."

பார்களின் பெயரையும் அடையாளத்தையும் நான் இங்கே எழுதவில்லை. அது அவர்கள் குடும்பத்துச் சொத்து. பேங்க்காரன் வாடிக்கையாளர் கணக்கை வெளியே சொல்லக் கூடாது. அந்த ஒரு விதியையாவது ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறேன்.

பி.கு: மங்களூர்க்காரர் அடுத்த வெள்ளிக்கிழமைக்கும் கூப்பிட்டிருக்கிறார். போகிறேன். இந்தத் தடவை ஜிக்கோடு கொஞ்சம் கோழி இறகும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். தங்கமணி தலையணை ஒன்றைக் காணோம் என்று தேடிக்கொண்டிருக்கிறாள்.